டிராபிக்கில் மட்டும் சூடாகும் கார்: முதலில் ஃபேனைப் பாருங்கள்

போன மாதம் ஒரு பின்னேரம், கொழும்பில் வெள்ளவத்தைச் சந்தையைத் தாண்டித் தெஹிவளைப் பக்கம் காலி வீதியில் ஊர்ந்துகொண்டிருந்தபோது என் காரின் சூட்டு முள் பாதியைத் தாண்டி ஏறத் தொடங்கியது. ஏசியை நிறுத்திவிட்டு ஒரு ஒழுங்கையால் மரைன் டிரைவுக்கு இறங்கினேன், வண்டி கொஞ்சம் வேகமெடுத்ததும் முள் தானாகவே பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

இந்த ஏற்ற இறக்கத்தைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. ஓடும்போது முன்னாலிருந்து வரும் காற்றே ரேடியேட்டரைக் குளிர வைக்கும். நின்றுவிட்டால் அந்த வேலை முழுக்க ஃபேனுடையது. அதனால் நெரிசலில் ஏறி, ஓட்டத்தில் இறங்கினால் சந்தேகம் முதலில் ஃபேன் மேல்தான் போக வேண்டும். கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் போகும்போது சூடானால் கதை வேறு: ரேடியேட்டருக்குள் அடைப்பு, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) என்று தேட வேண்டும்.

வீதியில் சூடாகும்போது என்ன செய்வது? ஏசியை நிறுத்துங்கள், கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுவதுமாகப் போடுங்கள். உள்ளே வேகும்தான், ஆனால் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியால் வெளியேறும். முள் சிவப்பைத் தொட்டால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள், வீடு கிட்ட என்று ஓட்டாதீர்கள். விட்ஸ், வேகன் ஆர் போன்ற பல கார்களில் முள்ளே கிடையாது. நீல லைட் வந்தால் எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று அர்த்தம், சிவப்பு லைட் வந்தால் ஏற்கனவே அளவுக்கு மிஞ்சிச் சூடாகிவிட்டது.

ரேடியேட்டர் மூடியில் மட்டும் அப்போது கை வைக்காதீர்கள். தயவுசெய்து. அந்த மூடி உள்ளே கிட்டத்தட்ட 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, அதனால்தான் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர வைக்கும் திரவம், 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் அழுத்தம் விழுந்து எல்லாம் ஒரேயடியாகக் கொதித்து முகத்தில் அடிக்கும். முக்கால் மணி நேரமாவது பொறுங்கள். சூடான எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம், எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் விரிசல் விழலாம்.

சரி, இனி வீட்டில் செய்யும் சோதனை. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள், ரிசர்வ் டாங்கியில் மட்டுமல்ல, மூடியைத் திறந்து ரேடியேட்டரிலும். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது: ஹோஸ் மூட்டுகளிலும் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் விளிம்பிலும் காய்ந்த வெள்ளை அல்லது இளஞ்சிவப்புத் தடம் இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள்.

அடுத்தது ஃபேன். எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஃபேன் உடனே அல்லது சில நொடிகளில் சுழல வேண்டும், இரண்டு ஃபேன் இருந்தால் இரண்டையும் பாருங்கள். ஒரு பத்திரிகைத் தாளை முன் கிரில்லில் பிடித்தால் தாள் உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாமல் விலகினால் யாரோ வயரை மாற்றிப் பொருத்தி ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. மின் ஃபேன் எஞ்சினை அணைத்த பிறகும் திடீரென்று ஓடும், விரலைத் தூரமாக வைத்திருங்கள்.

சுழலவே இல்லையா? ஃபியூஸைப் பாருங்கள். பிறகு ஃபேனுக்கு மின்னைத் திறந்துவிடும் சின்ன சுவிட்சான ஃபேன் ரிலேயைக் கழற்றி, அதே வகையைச் சேர்ந்த ஹோர்ன் ரிலேயை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் ஃபேனின் சொக்கட். என்னுடையதில் குற்றம் அங்கேதான் இருந்தது. கழற்றியபோது ஒரு பின் முழுவதும் பச்சையாகப் பூத்துப்போய், பக்கத்துப் பிளாஸ்டிக் மெழுகு மாதிரி உருகிப் பழுப்பாகியிருந்தது. கடலோரத்தில் நிறுத்தும் வண்டிகளில் உப்புக்காற்று செம்பை இப்படித்தான் தின்னும். சொக்கட்டையும் இரண்டு அங்குல வயரையும் வெட்டி மாற்றியதுதான் முழுத் திருத்தமும்.

சொக்கட் நல்லதாக இருந்தால் மோட்டார். இரண்டு வயர் உள்ள மோட்டார் என்றால், பியூஸ் வைத்த வயரால் பேட்டரியிலிருந்து நேரடியாக மின் கொடுத்துப் பாருங்கள், ஓடாவிட்டால் மோட்டார் போய்விட்டது. பழைய உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் பழையது வாங்கினால் கடையிலேயே 12 வோல்ட் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், சத்தத்தையும் கேளுங்கள்.

ஃபேன் நன்றாக ஓடியும் சூடாகிறது என்றால் ஏசி கண்டென்சருக்கும் (ரேடியேட்டருக்கு முன்னால் அதே மாதிரி இருக்கும் ஏசியின் பாகம்) ரேடியேட்டருக்கும் இடையில் எட்டிப் பாருங்கள். தூசியும் பூச்சியும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். சேர்விஸ் நிலையத்தின் பிரஷர் கன்னை கிட்டப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து காற்று வழி இன்னும் அடைபடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். "எங்கட வெயிலுக்கு தெர்மோஸ்டாட் தேவையில்லை" என்று சொல்லி அதைக் கழற்றி எறிகிற கராஜ்கள் இருக்கின்றன, எனக்கும் ஒருவர் அப்படிச் செய்திருக்கிறார். ஒத்துக்கொள்ளாதீர்கள். எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில எஞ்சின்களில் அந்த வால்வு இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே குறுக்கு வழியில் திரும்பிவிடும், சூடு குறைவதற்குப் பதில் ஏறும். அதேபோல குழாய்த் தண்ணீரும் வேண்டாம், உள்ளே உப்பும் துருவும் படியும். உங்கள் காரின் கையேடு சொல்லும் வகைக் கூலன்ட்டையே ஊற்றுங்கள். ஹைபிரிட் என்றால் பலவற்றில் இன்வெர்டருக்கு (பேட்டரி மின்னை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) தனிக் கூலன்ட் டாங்கி இருக்கும், அதன் அளவையும் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கூலன்ட் குறைந்துகொண்டே போய், ரேடியேட்டருக்குள் குமிழி வந்து, புகைக்குழாயில் விடாத வெள்ளைப் புகையும் தெரிந்தால், ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கக் கூடும். அங்கே நீங்கள் நிறுத்திக்கொண்டு நல்ல மெக்கானிக்கிடம் ஓட்டாமல் இழுத்துப் போங்கள்.

திருத்தியாயிற்றா? திறந்த இடத்தில் நிறுத்தி, ஏசியை அணைத்து, இருபது நிமிடம் ஐடிலில் விடுங்கள். முள் பாதியைத் தாண்டாமல் நிற்க, ஃபேன் தானாக ஓடி, நின்று, மறுபடி ஓடுவதை இரண்டு மூன்று தரம் பாருங்கள். பிறகு ஏசியைப் போட்டு இன்னொரு பத்து நிமிடம். அதற்கும் முள் அசையாவிட்டால் காலி வீதிக்கு எடுக்கலாம்.