மீன் குழம்புப் போட்டிக்கு நடுவராகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, அம்மன் கோயில் திருவிழா, மாதா திருவிழா, பொங்கல் விழா, மகளிர் குழு ஆண்டு விழா என்று எது நடந்தாலும் இப்போதெல்லாம் நிகழ்ச்சி நிரலில் ஒரு மீன் குழம்புப் போட்டி இடம்பிடித்துவிடுகிறது. சமைப்பவர்கள் அனைவரும் வீட்டில் சமைப்பவர்கள். தீர்ப்புச் சொல்ல அமர்பவர்களும் பெரும்பாலும் தலைமையாசிரியர், வங்கி மேலாளர், சங்கச் செயலாளர் போன்ற, இதற்கென்று பயிற்சி எதுவும் பெறாதவர்கள். சில ஆண்டுகளாக நானும் இப்போட்டிகளில் நடுவராக அமர்ந்து வருகிறேன். அண்மையில் தண்டையார்பேட்டையில் முதன்முறையாக நடுவர்களாக வந்த மூவர், தொடக்கக் காலத்தில் நான் செய்த அதே பிழைகளை ஏறக்குறைய அதே வரிசையில் செய்ததைப் பக்கத்தில் அமர்ந்து பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

சொந்தக்காரர் சமைத்த குழம்புக்கு மதிப்பெண் போடக் கூடாது, வாயில் பாக்கோடு வரக் கூடாது, சென்ட் பூசிக்கொண்டு அமரக் கூடாது என்பவையெல்லாம் யாருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

மீனுக்கு மதிப்பெண் போட்டுவிட்டுக் குழம்புக்குப் போட்டதாக நினைப்பது

எல்லாத் தவறுகளிலும் மிகுந்த சேதம் விளைவிப்பது இதுதான். எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் அடுத்த போட்டியில் திரும்ப வந்து நிற்பதும் இதுதான். எனக்கு இன்றும் ஆத்திரம் வருவதும் இதைக் காணும்போதுதான்.

காசிமேட்டுப் பக்கம் நடந்த ஒரு போட்டியில் இரண்டு சட்டிகள் அடுத்தடுத்து வந்தன. முதலாவதில் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிய வஞ்சிரத் துண்டுகள் மேலெழும்பி நின்றன. குழம்பைத் தனியாக நாவில் வைத்தபோது மல்லித்தூளின் பச்சை வாசனை அப்படியே இருந்தது. புளி ஒரு பக்கமும் உப்பு ஒரு பக்கமுமாக ஒன்றோடொன்று சேராமல் நின்றன. இரண்டாவது, நெத்திலிக் குழம்பு. விளிம்பைச் சுற்றி நல்லெண்ணெய் மெல்லிய செந்நிறக் கோடாகப் பிரிந்திருந்தது. தலை கிள்ளிய நெத்திலி ஒன்றுகூட உடையவில்லை. மாங்காய்த் துண்டின் சதை குழைந்திருந்தும் தோல் கழன்று வரவில்லை. கடைசியில் வெந்தயத்தின் கசப்பு இருக்கிறதா இல்லையா என்ற அளவில் தெரிந்தது. உடன் இருந்த இருவரும் வஞ்சிரத்துக்கே முதல் பரிசு எழுதினார்கள். “துண்டைப் பாருங்க சார், என்னமா இருக்கு!” என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

நெத்திலி சமைத்தவர் மீன் காயவைத்து விற்கும் ஓர் அம்மா. அடுத்த ஆண்டு அவர் பெயர் கொடுக்கவில்லை. தெருவில் பார்த்துக் கேட்டேன். “வஞ்சிரம் வாங்கிப் போட எங்கிட்ட காசு இல்ல சார். நீங்கல்லாம் மீனுக்குத்தானே பரிசு குடுக்குறீங்க” என்றார். அந்த ஆண்டு வந்த சட்டிகளில் பாதிக்கு மேல் வஞ்சிரம். குழம்பு வைக்கத் தெரிந்தவர்கள் ஒதுங்கிக்கொள்ள, மீன் வாங்க வசதி உள்ளவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். ஒரு போட்டி கெட்டுப்போவது இப்படித்தான். அதைக் கெடுப்பவர்கள் சமைப்பவர்கள் அல்லர், நடுவர்களே.

விலை உயர்ந்த மீன் நடுவரின் கண்ணை மட்டும் ஏமாற்றுவதில்லை. வஞ்சிரம் இறுகிய சதை கொண்டது. இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொதித்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும். நெத்திலியோ குழம்பு கொதித்து அடங்கும் நேரத்தில் போட்டு, உடனே அடுப்பை அணைக்க வேண்டிய மீன். கரண்டி போட்டுக் கிளறினால் கரைந்துவிடும், சட்டியின் காதைப் பிடித்து ஆட்டித்தான் கலக்க வேண்டும். கவளையில் எண்ணெய்ச் சத்து அதிகம், புளி தூக்கலாக இல்லாவிட்டால் அதன் வாடை மேலே வந்துவிடும். சங்கரா வெந்ததும் இதழிதழாகப் பிரியும். ஆக, மலிவான மீனை வைத்து நல்ல குழம்பு கொடுத்தவர் பல நேரங்களில் கடினமான வேலையைச் செய்திருக்கிறார். அதற்கு மதிப்பெண் கூட வேண்டியிருக்க, நாம் குறைத்துவிடுகிறோம்.

இதைத் தவிர்க்க நான் கடைப்பிடிக்கும் முறை எளிது. நடுவர் மேசைக்குச் சட்டியே வரக் கூடாது. உதவியாளர் ஒருவர் குழம்பை மட்டும் சிறு கிண்ணத்தில் ஊற்றி, ஒரு பிடி வெறும் சோற்றோடு கொண்டுவர வேண்டும். புளிப்பு, காரம், உப்பு, மசாலாவின் பக்குவம், மணம் ஆகிய அனைத்துக்கும் மதிப்பெண் எழுதி முடித்த பிறகே மீன் தனித்தட்டில் வர வேண்டும். அப்போதும், என்ன மீன் என்பது கேள்வி அல்ல. அந்த மீன் அதற்குரிய பதத்தில் வெந்திருக்கிறதா, உப்பும் புளியும் சதைக்குள் இறங்கியிருக்கிறதா, கவுச்சி வாடை போயிருக்கிறதா என்பவையே கேள்விகள்.

மதிப்பெண் தாளும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். நம் பக்கம் என் கைக்கு வந்த தாள்கள் பலவற்றில் ‘அலங்காரம்’, ‘தோற்றம்’ என்று மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கியிருந்தார்கள். அமெரிக்காவில் வீட்டிலேயே பியர் காய்ச்சுபவர்கள் தங்களுக்குள் போட்டி வைத்துக்கொள்கிறார்கள். அப்போட்டிகளுக்கு நடுவர்களைத் தேர்வு வைத்துச் சான்றளிக்க ‘பியர் ஜட்ஜ் சர்ட்டிஃபிகேஷன் ப்ரோகிராம்’ என்ற அமைப்பு 1985 முதல் இயங்கி வருகிறது. நம் மாநிலத்தில் வீட்டில் பியர் காய்ச்சச் சட்டம் இடம் தராது. ஆனால் அவர்களுடைய மதிப்பெண் தாளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளத் தடை ஏதும் இல்லை. மொத்தம் 50 மதிப்பெண். அதில் மணத்துக்கு 12, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கும் வழவழப்புக்கும் 5, ஒட்டுமொத்த மதிப்பீட்டுக்கு 10. தோற்றத்துக்கு வெறும் 3. நுரையும் நிறமும் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த மூன்றுக்கு மேல் நடுவரால் அள்ளிக் கொடுக்க முடியாது. நம் தாளையும் இந்த விகிதத்துக்கு மாற்றினால் வஞ்சிரத் துண்டின் அகலம் தானாகவே தன் இடத்துக்குப் போய்விடும்.

போட்டி நடத்துபவர்களுக்குப் பணம் இருந்தால் இன்னும் நல்ல வழி உண்டு: காலையில் காசிமேட்டு ஏலத்தில் ஒரே வகை மீனைக் கூடையாக எடுத்து, எல்லாருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடலாம். பணம் இல்லையென்றால் ‘சிறுமீன் மட்டும்’ என்று விதி வைக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் போட்டி வைப்பவர்கள் இந்த விதியைக் கட்டாயம் வைக்க வேண்டும். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த நாட்களில் வஞ்சிரம் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். ஃபைபர் படகுகள் கரையோரம் பிடித்துவரும் சிறுமீன்தான் அப்போது பசுமையாகக் கிடைக்கும்.

காரமான குழம்பை முதலில் சுவைப்பது

மிளகாயின் காரம் சுவை அன்று, எரிச்சல். அதைத் தரும் கேப்சைசின் தண்ணீரில் கரையாது. எண்ணெயிலும் கொழுப்பிலும்தான் கரையும். நடுவர்கள் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் இடையே மடக்கு மடக்காகக் குளிர்ந்த தண்ணீர் குடிப்பதைப் பார்க்கிறேன். அது அந்த நொடிக்கு இதமாக இருக்குமே தவிர, எரிச்சலைக் கழுவாது. தயிர் அல்லது பால் ஒரு வாய், பிறகு வெறும் சோறு ஒரு கவளம், அதன் பின் சில நிமிட இடைவெளி என்பதே சரியான வரிசை. தயிரில் உள்ள கேசின் என்னும் புரதம் கேப்சைசினைப் பற்றி இழுத்துக்கொண்டு போய்விடும்.

இடைவெளி விடாமல் அடுத்த கிண்ணத்துக்குப் போனால், முதல் குழம்பின் எரிச்சல் இரண்டாவதன் கணக்கில் ஏறும். தொடர்ந்து சாப்பிடச் சாப்பிட நாக்கு மரத்துப்போய், கடைசிக் குழம்புகள் சப்பென்று தோன்றும். குண்டு மிளகாய் போட்டுக் காரசாரமாக வைத்தவருக்குப் பிறகு வரிசையில் நிற்பவர், தன் குழம்பில் எந்தக் குறையும் இல்லாமலே தோற்றுப்போவார். பியர் போட்டிகளில் மென்மையானவற்றை முதலிலும் கடுமையானவற்றைக் கடைசியிலும் வைக்கும் வழக்கம் இதற்காகவே. இங்கும் உதவியாளர் ஒருவர் முன்னதாக ஒரு துளி நாவில் வைத்துப் பார்த்து, காரம் குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்திவிடலாம். ஒரே அளவு காரம் உள்ளவற்றை ஒவ்வொரு நடுவருக்கும் வேறு வேறு வரிசையில் கொடுக்க வேண்டும். முதலில் சுவைத்ததை முடிவில் மீண்டும் ஒருமுறை சுவைத்துப் பாருங்கள்; பசியோடு உண்ட முதல் வாய்க்கு மதிப்பெண் எப்போதும் தாராளமாகவே விழும்.

“எங்க வீட்டுல இப்படி வைக்க மாட்டோம்”

இந்த வாக்கியம் மனத்தில் எழுந்தவுடன் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். வடசென்னையில் ஒரே ஒரு மீன் குழம்பு கிடையாது. கடற்கரையோரக் குடும்பங்களின் தேங்காய் சேர்க்காத புளிக் குழம்பு ஒரு வகை. நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தலைமுறைகளாக வாழும் தெலுங்குக் குடும்பங்களின் காரமும் மாங்காயும் தூக்கலான புலுசு இன்னொரு வகை. பெரம்பூரின் ஆங்கிலோ-இந்திய வீடுகளில் தேங்காய்ப்பால் ஊற்றி வைப்பது வேறு. தேங்காய்ப்பால் விட்டதைப் ‘புளிப்பு போதவில்லை’ என்றும், புலுசை ‘அதிகக் காரம்’ என்றும் தாளில் எழுதுபவர் சுவையை மதிப்பிடவில்லை, தன் தாயாரின் சமையலை நினைவுகூர்கிறார்.

பியர் நடுவர்கள் இந்தச் சிக்கலைத் தீர்த்த வழி எனக்குப் பிடிக்கும். போட்டியாளர் தான் காய்ச்சியது எந்த வகை என்று முன்பே எழுதிக் கொடுப்பார். அந்த வகை எப்படி இருக்க வேண்டும் என்று அச்சிட்ட கையேடு ஒன்று இருக்கிறது, 2021-இல் அதைத் திருத்தி வெளியிட்டார்கள். நடுவருக்கு அந்த வகை பிடிக்குமா என்பதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நமக்குக் கையேடு தேவையில்லை. ‘தேங்காய் உண்டா, புளி தூக்கலா, எந்த ஊர் வழக்கம்’ என்று பதிவுச் சீட்டில் மூன்று வரிகள் கேட்டு, பெயரை மறைத்துவிட்டு அதை நடுவர் முன் வைத்தால் போதும்.

பேசிவிட்டு எழுதுவது

முதலில் எழுதுங்கள், பிறகு பேசுங்கள். மேசையில் வயதில் மூத்தவர் “ம்… பிரமாதம்” என்று தலையசைத்த பிறகு மற்றவர் தாளில் விழும் எண்கள் அவருடையவையே. எழுதி முடித்த பின் வேறுபாடு பெரிதாக இருந்தால் மட்டும் காரணம் சொல்லிப் பேசலாம். பியர் போட்டிகளில் பொதுவாக 7 மதிப்பெண்ணுக்குள் இணங்கிவரப் பார்க்கிறார்கள்.

சட்டியைப் பார்ப்பது

பார்க்காதீர்கள். மண்சட்டி என்றாலே கைமணம் என்று மனம் முடிவு கட்டிவிடும்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கொடுப்பது

‘ஒன்று’ என்ற எண்ணே ஒரு சிபாரிசு. 417, 283 போல மூன்று இலக்க எண்களைக் குலுக்கிப் போட்டுக் கொடுங்கள்.

சூடும் நேரமும்

கொதிக்கும் குழம்பையும் ஆறிய குழம்பையும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிட முடியாது. எல்லாம் ஒரே அளவு வெதுவெதுப்பில் வரட்டும். முந்தின நாள் வைத்த குழம்பின் ருசி தெரியாத தமிழர் இல்லை. ஆகவே எப்போது சமைத்திருக்க வேண்டும் என்பதை விதியில் எழுதிவிட வேண்டும், நடுவரின் ஊகத்துக்கு விடக் கூடாது.

நாக்கில் எரிவதெல்லாம் மிளகாய் என்று நினைப்பது

கானாங்கெளுத்தி, சூரை, கவளை போன்ற மீன்களைப் பிடித்தபின் ஐஸில் வைக்காமல் வெயிலில் விட்டால், நுண்ணுயிரிகள் அவற்றின் சதையில் ஹிஸ்டமினை உண்டாக்கும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. காரம் குறைந்த குழம்பில், மீனைக் கடித்தவுடன் உதட்டிலும் நாக்கிலும் மிளகு பட்டது போல ஊசியாய்க் குத்தினால் விழுங்காதீர்கள். துப்பிவிட்டு, அந்தத் தட்டை ஒதுக்கிவைத்து, நடத்துபவரைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள்; அந்தச் சட்டி பார்வையாளர்களுக்குப் பரிமாறப்படக் கூடாது. முகம் சிவப்பது, தலைவலி, படபடப்பு ஆகியவை சிறிது நேரத்தில் தொடரலாம். அப்படி நேர்ந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். சமைத்தவரை மேடையில் வைத்து அவமானப்படுத்தத் தேவையில்லை. அவர் அந்த மீனை நம்பி வாங்கியவர்.

வெறும் எண்ணைக் கொடுத்து அனுப்பிவிடுவது

பரிசு பெறாதவர் கையில் 31 என்ற எண்ணை மட்டும் கொடுத்தால் அவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஒவ்வொரு தாளிலும் இரண்டு வரிகளாவது எழுதுங்கள். எழுதும்போது உங்கள் நாக்குக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். ‘பழைய மிளகாய்த்தூள் போட்டிருக்கிறீர்கள்’ என்பது ஊகம், அவர் நேற்றுத்தான் மில்லில் அரைத்து வந்திருக்கக்கூடும். ‘மிளகாய்த்தூளின் பச்சை வாசனை தெரிகிறது, மீன் போடுவதற்கு முன் இன்னும் பத்து நிமிடம் கொதிக்கவிட்டுப் பாருங்கள்’ என்பது அவர் அடுத்த வாரமே செய்து பார்க்கக்கூடிய செய்தி. ‘கவுச்சி’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாமல், அது குழம்பில் இருக்கிறதா மீனில் மட்டும் இருக்கிறதா என்று பிரித்து எழுதுங்கள். மீனில் ட்ரைமெத்தில் அமீன் என்ற பொருள் உண்டாக்கும் அவ்வாடையைப் புளியின் அமிலம் கட்டிவிடும் என்பதால், குழம்பில் வாடை இருந்தால் புளியைச் சற்றுக் கூட்டச் சொல்லலாம். மீனில் மட்டும் இருந்தால் கழுவியதையும் உப்பு மஞ்சள் தடவி ஊறவைத்ததையும் கவனிக்கச் சொல்லலாம். இந்தத் தாள்கள் பரிசு அறிவிப்பதற்கு முன்பே உரியவர் கைக்குப் போய்விட வேண்டும். அறிவித்த பிறகு கொடுத்தால் கூட்டம் கலைந்துவிடும், பாதித் தாள்கள் மேசையிலேயே கிடக்கும்.