பனியன் கம்பெனியில் ஈஆர்பி போடுவதற்கு முன்: குடோனிலிருந்து தொடங்குங்கள்

1999 ஜூலையில் அமெரிக்காவின் ஹெர்ஷே சாக்லேட் நிறுவனம் சுமார் 11 கோடி டாலர் செலவில் எஸ்ஏபி என்ற ஈஆர்பி (கொள்முதல், ஸ்டாக், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் சாஃப்ட்வேர்) உள்ள புது சிஸ்டத்துக்கு மாறியது. நான்கு வருட வேலையை 30 மாதத்தில் முடிக்க நெருக்கினார்கள். மாறிய நேரமோ ஹாலோவீன் ஆர்டர் குவியும் சீசன். கிடங்கில் சரக்கு இருந்தும் அனுப்ப முடியாமல் சுமார் 10 கோடி டாலர் ஆர்டர் கைவிட்டுப் போனது. அதே நிறுவனம் 2002-இல் அதே எஸ்ஏபியின் அடுத்த பதிப்புக்கு ஒரு வருடத்துக்குள் சிக்கல் இல்லாமல் மாறியது. எந்த சாஃப்ட்வேர் என்பதைவிட, எப்போது, எவ்வளவு தயாராக மாறினோம் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. திருப்பூரில் நூல் வாங்கி, நிட்டிங், டையிங் வெளியே கொடுத்து, கட்டிங் முதல் பேக்கிங் வரை உள்ளே செய்யும் நடுத்தர ஏற்றுமதிக் கம்பெனிக்கும் இது அப்படியே பொருந்தும்.

முதல் வேலை ஐட்டம் மாஸ்டர், அதாவது கம்பெனியில் உள்ள எல்லாப் பொருட்களின் பெயர்ப் பட்டியல். எக்செல்லில் ஒரே நூல் ‘30 கோம்டு’, ‘கோம்டு 30’, ‘30எஸ் காட்டன்’ என்று மூன்று பெயரில் இருக்கும். அப்படியே ஏற்றினால் மூன்று ஸ்டாக் ஆகிவிடும். ஒன்றில் சரக்கு இருக்க, இன்னொன்றுக்கு பிஓ (கொள்முதல் ஆர்டர்) போகும். கவுண்ட் (நூலின் பருமனைக் காட்டும் எண்), ரகம், மில் ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டங்களில் போட்டு, பெயரை அவற்றிலிருந்து சிஸ்டமே உருவாக்கும்படி வையுங்கள். லாட் நம்பரை (மில்லில் ஒரே தொகுதியாக வந்த நூலின் எண்) ஐட்டம் பெயருக்குள் நுழைக்கக் கூடாது. அது பேட்ச் கட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டு லாட் நூல் கலந்து நிட்டிங்குக்குப் போனால் சாயம் ஏறிய பிறகு துணியில் பட்டை விழும். எந்த ரோலுக்கு எந்த லாட் போனது என்று அன்றைக்குத் தேடிப் பிடிக்க அந்தக் கட்டம் வேண்டும்.

அடுத்தது அளவு அலகு. ஈஆர்பி கவிழும் காரணங்களில் வெளியே தெரியாமல் இருப்பது இதுதான். பட்டன் குரோஸ் கணக்கில் வாங்குகிறோம், லைனுக்கு எண்ணிக்கையில் கொடுக்கிறோம். 10 குரோஸ் என்றால் 1,440 பட்டன். ஒரு குரோஸுக்கு 144 என்ற மாற்றுக் கணக்கைப் போடாமல் விட்டால் ஸ்டாக்கில் 10 என்று நிற்கும். ஸ்டோர்ஸிலிருந்து சரக்கு கொடுக்கும் முதல் இஷ்யூவிலேயே மைனஸுக்குப் போகும். மைனஸ் ஸ்டாக்கை அனுமதிக்கும் செட்டிங்கை ‘தற்காலிகமாக’ திறந்துவிடச் சொல்வார்கள். திறக்காதீர்கள். திறந்தால் அந்த மாத மெட்டீரியல் காஸ்ட் எதையும் நம்ப முடியாது.

சாயப்பட்டறைக்கு அனுப்பும் துணியில் இன்னும் கவனம் தேவை. 500 கிலோ கிரே (சாயம் ஏற்றாத) துணி போய் 472 கிலோ திரும்பி வருகிறது என்று வையுங்கள். பிராசஸ் லாஸ் (வேலையின்போது குறையும் எடை) பதியாவிட்டால் மீதி 28 கிலோ, பட்டறையிலேயே இருப்பதாக சிஸ்டத்தில் நிற்கும். ஒவ்வொரு சலானிலும் இப்படிச் சேர்ந்தால் ஐடிசி-04 (ஜாப் ஒர்க்குக்குப் போன, வந்த சரக்குக்கான ஜிஎஸ்டி படிவம்) கணக்கு தப்பாகும். ஜாப் ஒர்க்குக்கு (வெளியே கொடுத்துச் செய்யும் வேலைக்கு) அனுப்பிய உள்ளீட்டுப் பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே சப்ளை செய்ததாக ஜிஎஸ்டி சட்டம் கருதும். வரியோடு வட்டியும் சேரும். ஒவ்வொரு பிராசஸுக்கும், ஷேடுக்கும் (சாய நிறத்துக்கும்) எவ்வளவு லாஸ் ஏற்கலாம் என்று முன்கூட்டியே போடுங்கள். அதைத் தாண்டினால் சலான் மூடுவதற்கு முன் மேனேஜர் அப்ரூவல் கேட்க வேண்டும்.

சாஃப்ட்வேரில் எதையெல்லாம் நமக்காக மாற்றி எழுதச் சொல்வது? ஜெர்மனியின் லிடில் சூப்பர்மார்க்கெட் நிறுவனம் ஏழு வருடம் உழைத்து, சுமார் 50 கோடி யூரோ செலவழித்த எஸ்ஏபி திட்டத்தை 2018-இல் கைவிட்டது. கையிருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிடுவது அவர்கள் வழக்கம். அந்த சாஃப்ட்வேரோ விற்பனை விலையில் மதிப்பிடும் அமைப்பு. வழக்கத்தை விடாமல் சாஃப்ட்வேரை வளைத்தது அந்தத் தோல்விக்கு ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. சட்டம் கேட்பதற்கும் பையர் கேட்பதற்கும் மட்டும் மாற்றம் கேளுங்கள். ‘இங்கே எப்போதும் இப்படித்தான்’ என்பதற்காகக் கேட்காதீர்கள். கலர்-சைஸ் கட்டமும் பிராசஸ் லாஸும் இல்லாத சாஃப்ட்வேர் என்றால் எழுதிக்கொள்ளலாம் என்று நம்பாமல் வேறொன்றைப் பாருங்கள்.

பொறுப்பை ஐடி ஆளிடம் ஒப்படைத்துவிட்டு முதலாளி ஒதுங்கினால் வேலை நடக்காது. ஆர்டர் முழுவதும் தெரிந்த சீனியர் மெர்ச்சண்டைசர் (பையரின் ஆர்டரை ஆரம்பம் முதல் ஷிப்மென்ட் வரை கவனிப்பவர்) ஒருவரை ஆறு மாதத்துக்கு முழு நேரமாக இதற்கே விடுங்கள். அவருடைய பையர்களை வேறொருவர் பார்க்கட்டும். பாதி நாள் இதற்கு, பாதி நாள் ஷிப்மென்ட்டுக்கு என்றால் ஷிப்மென்ட்தான் எப்போதும் ஜெயிக்கும்.

சோதனைக்கு சாஃப்ட்வேர்காரர் கொண்டுவரும் டெமோ டேட்டா வேண்டாம். போன வருடம் முடிந்த, லாப நஷ்டம் தெரிந்த ஆர்டர் ஒன்றை எடுத்து நூல் பிஓ முதல் ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கான கஸ்டம்ஸ் ஆவணம்) வரை ஓட்டுங்கள். ஷேடு ரிஜெக்ட் ஆகி ரீ-டையிங் போனது, நடுவில் சைஸ் ரேஷியோ மாறியது, ஷார்ட் ஷிப்மென்ட் (ஆர்டரைவிடக் குறைவாக அனுப்புவது) ஆனது என்று வம்பான ஆர்டராகத் தேர்ந்தெடுங்கள். காஸ்ட் பழைய கணக்கோடு ஒத்துவராவிட்டால், ஏன் என்று தெரியும்வரை அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

கோ-லைவ் தேதிக்கு (புது சிஸ்டத்துக்கு மாறும் நாளுக்கு) ஏப்ரல் 1 வசதிதான், ஆனால் அந்த மாதம் ஷிப்மென்ட் நெருக்கடி என்றால் வேலை குறைந்த மாதத்தின் முதல் தேதி போதும். ஒரு வாரம் முன்பு ஸ்டோர்ஸில் 100 ஐட்டத்தை எடுத்து எண்ணிப் பாருங்கள். 95-க்கும் குறைவாகப் பொருந்தினால் தேதியைத் தள்ளிவையுங்கள். முந்தின நாள் இஷ்யூவை நிறுத்தி முழு ஸ்டாக்கையும் எண்ணுங்கள். சாயப்பட்டறைகளிலும் நிட்டிங் யூனிட்களிலும் கிடக்கும் சரக்குக்கு அவர்களிடமே கையெழுத்து வாங்குங்கள். பழைய முடிந்த ஆர்டர்களை ஏற்ற வேண்டாம். திறந்திருக்கும் ஆர்டர், பிஓ, ஜாப் ஒர்க் பாக்கி, பில் வாரியான பார்ட்டி பேலன்ஸ் போதும்.

இன்வாய்ஸுக்குப் புது வரிசை தொடங்குங்கள். ஒரே ஜிஎஸ்டி எண், ஒரே நிதியாண்டு, ஒரே ஆவண வகையில் இன்வாய்ஸ் நம்பர் மறுபடி வந்தால் இ-இன்வாய்ஸ் போர்ட்டல் ஏற்காது; லாரி கேட்டில் நிற்கும். முன்னொட்டையும் சேர்த்து 16 எழுத்துக்குள் இருக்கட்டும்.

பழைய டாலி கணக்கு சாஃப்ட்வேரையும் புது சிஸ்டத்தையும் ஒரு மாதத்துக்கு மேல் சேர்த்து ஓட்டாதீர்கள். இரண்டு இடத்தில் பதியச் சொன்னால் ஆட்கள் தெரிந்த இடத்தில்தான் ஒழுங்காகப் பதிவார்கள். சாஃப்ட்வேர் கம்பெனிக்குத் தர வேண்டிய தொகையில் 20 சதவீதத்தையாவது நிறுத்திவைத்து, முதல் மாதத்தின் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரங்களுக்கான ஜிஎஸ்டி படிவம்) அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் ஈஆர்பி டேட்டாவிலிருந்தே தாக்கலாகி, ஸ்டாக்கும் எண்ணிக்கையும் ஒத்துவந்த பிறகே தருவதாக அக்ரிமென்ட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.