வெள்ளவத்தை வெக்கையில் ஆக்சலாட்டல்

ஆக்சலாட்டல் என்பது தண்ணீருக்குள்ளேயே வாழும் ஒரு சலமந்தர், தவளை இனத்துக்கு உறவான நீர்நில வாழி. மெக்சிகோவின் சொச்சிமில்கோ ஏரிக்காரர். 16 முதல் 18 பாகை தண்ணீர்தான் அவருக்குச் சுகம். கொழும்பு வெள்ளவத்தையில் என் தொட்டித் தண்ணீர் மத்தியானத்தில் 29ஐத் தொடும். செவுள் இறகுகள் முன்பக்கமாகச் சுருண்டன, மண்புழுவைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பினார்.

முதலில் நீர்மட்டத்துக்கு மேலே மின்விசிறி வைத்தேன். கடலோர ஈரக்காற்றில் தண்ணீர் ஆவியாவது குறைவு. இரண்டு மூன்று பாகை இறங்கியதோடு சரி. பனிக்கட்டிப் போத்தல் போட்டால் சட்டென்று குளிரும், உருகியதும் பழையபடி ஏறும். இந்த ஏற்ற இறக்கம் வெக்கையைப் போலவே கெடுதல்.

கடைசியில், தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரமான சில்லர் ஒன்றை, பாவித்ததாக வாங்கினேன். "எங்களுக்கே ஏசி இல்லை, உதுக்கு ஏசியோ?" என்று அம்மா கேட்டது நியாயம்தான், கரண்ட் பில்லும் அவ பக்கம்தான். சில்லர் பின்பக்கத்தால் சூட்டைக் கக்கும். அறைக்குள் வைத்தால் அந்தச் சூடே திரும்பத் தொட்டிக்கு வரும் என்பதால் பல்கனியில் வைத்து, குழாய்களுக்கு ஸ்பொஞ்ச் உறை சுற்றினேன். பம்பின் வேகம் அவருக்கு ஒத்துவரவில்லை. நீர் வரும் முனையைக் கண்ணாடிப் பக்கம் திருப்பியதும் நீரோட்டம் தணிந்தது.

இப்போது 18இல் நிற்கிறது. செவுள் நேராகிவிட்டது, மண்புழுவும் போகிறது. பனிப்போத்தல்கள் இன்னும் பிரிட்ஜில் இருக்கின்றன, கரண்ட் நின்றால் மட்டும் எடுக்க.