மாண்டலே அகழியும் அமரபுரா ஏரியும்: குடும்பத்தோடு சைக்கிளில் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பர்மாவில் பள்ளி விடுமுறை விட்டால் ரங்கூனிலிருந்தும் மோல்மினிலிருந்தும் சொந்தக்காரர்கள் மாண்டலே வருவார்கள். வந்த மறுநாளே பிள்ளைகளோடு அரண்மனையைச் சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அப்படியே அமரபுரா ஏரிக்குப் போய்விடலாம் என்று திட்டம் போடுவார்கள். அந்த 'அப்படியே'தான் முதல் தவறு. அரண்மனைக்கும் ஏரிக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கிறது. லாரி, பஸ், மோட்டார் சைக்கிள் எல்லாம் முட்டி மோதுகிற சாலை அது. ரங்கூன் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருப்பதால், அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போகும் வண்டிக் கூட்டம் பழக்கமில்லை, பயந்து ஹேண்டிலைத் திருப்பிவிடுவார்கள். காலையில் அரண்மனையைச் சுற்றியுள்ள அகழி, சாயங்காலம் ஏரி என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள தூரத்துக்கு ஒரு மூன்று சக்கரச் சரக்கு வண்டியைப் பேசிச் சைக்கிள்களை ஏற்றிவிடுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

விடுமுறை மார்ச்சிலிருந்து மே வரை. மாண்டலேயில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதும் அப்போதுதான். சைக்கிளுக்கு ஏற்ற காலம் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, ஆனால் விடுமுறையில்தான் வர முடியும் என்றால் என்ன செய்வது, விடியும்போது கிளம்பி எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். ஏப்ரல் நடுவில் வரும் திஞ்ஞான் என்ற தண்ணீர்த் திருவிழா நாட்களில் அகழிப் பக்கம் சைக்கிளை எடுக்கவே வேண்டாம். சாலையோரம் மேடை போட்டுக் குழாயால் தண்ணீர் அடிப்பார்கள், முகத்தில் பட்டால் பெரியவர்களே தடுமாறிவிடுவோம்.

அகழியை எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. அரண்மனை மதில் ஒரு பக்கம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் உள்ள சதுரம், அதனால் முழுச் சுற்று 8 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். கோயிலை வலம் வருகிற மாதிரி, அகழி எப்போதும் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்றுங்கள். இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போவதால் அப்போது நீங்கள் தண்ணீரை ஒட்டியே போவீர்கள், குறுக்குத் தெரு எதுவும் உங்கள் மேல் வந்து முட்டாது. எதிர்த்திசையில் சுற்றினால் நகரத்துத் தெரு ஒவ்வொன்றின் வாயையும் கடக்க வேண்டும், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மோட்டார் சைக்கிள் பாய்ந்து வரும். அப்புறம் இன்னொன்று: வலப்பக்கம் ஓட்டுகிற நாடாக இருந்தாலும் இங்கே நிறையக் கார்களில் ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். ஓரமாக நிற்கும் காரில் டிரைவர் நடைபாதைப் பக்கம் உட்கார்ந்திருப்பார், பக்கத்து சீட்டுக்காரர் கண்ணாடியைப் பார்க்காமல் சாலைப் பக்கக் கதவைப் படாரென்று திறப்பார். நிற்கும் காரிலிருந்து ஒரு கதவு அகலமாவது தள்ளிப் போகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

அகழி 60 மீட்டருக்கு மேல் அகலம், நல்ல ஆழமும் உண்டு. படம் எடுப்பதற்காகச் சைக்கிளோடு பிள்ளையைக் கரை விளிம்பில் நிறுத்தாதீர்கள். கோட்டைக்குள் இருப்பது ராணுவ இடம். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினருக்குக் கிழக்கு வாசல் மட்டும்தான், அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ கையில் இருக்க வேண்டும், வாசலில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். உள்ளே போனதும் அரண்மனைக்குப் போகும் நேர்வழியை விட்டு விலகவே கூடாது, சிப்பாய்களைப் படம் பிடிக்கவும் கூடாது. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மதில்கூடச் சில இடங்களில் இடிந்தது. அதனால் எது திறந்திருக்கிறது என்று முதல்நாளே உள்ளூரில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

உள்ளே நீங்கள் பார்க்கும் அரண்மனை, மாண்டலேயைத் தலைநகராக்கிய மிண்டோன் அரசர் கட்டியது அல்ல. அவர் கட்டியது 1945 போரில் எரிந்துபோனது, இப்போது இருப்பது 1990களில் முடித்த மறுகட்டுமானம். பிள்ளைகளின் தெம்பையெல்லாம் அங்கேயே செலவழித்துவிட்டு ஷ்வேநந்தோ புத்த மடத்தைப் பார்க்காமல் திரும்புகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அகழியின் வடகிழக்கு மூலைக்குச் சற்று வெளியே இருக்கும் அந்த மடம் அரண்மனைக்குள் இருந்த மரக் கட்டடம். 1878இல் மிண்டோன் அதில்தான் இறந்தார், மகன் தீபோ அதைக் கழற்றி வெளியே கொண்டுவந்து நிறுத்தினார், அதனால்தான் தீயில் சிக்காமல் தப்பியது. இந்த வழி முழுக்கவே இப்படித்தான்: முந்தைய தலைநகரான அமரபுராவின் அரண்மனையைப் பிரித்து யானைகளை வைத்து மாண்டலேக்கு இழுத்து வந்தார்கள், அதற்கும் முந்தைய தலைநகரான இன்வாவின் பழைய அரண்மனைத் தேக்குதான் ஏரியில் பாலமாக நிற்கிறது என்பார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வைத்தால் ஒவ்வொரு தூணையும் தொட்டுப் பார்ப்பார்கள். மடத்துக்குள் செருப்பு கூடாது, முழங்கால் மூடியிருக்க வேண்டும், அரைக்கால் டவுசரோடு போனால் திரும்ப வேண்டியதுதான்.

இனி சைக்கிள். வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பெரியவர்களுக்கானவை, சின்னப் பிள்ளைகள் கேரியரில்தான் உட்காருவார்கள். கேரியருக்குக் கீழே கால் வைக்க இடம் இருக்கிறதா, கம்பி வலை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இல்லையென்றால் ஆடுகிற குதிகால் நேராகப் பின்சக்கரக் கம்பிகளுக்குள் போய்விடும், ஒரு நொடிதான், தோலே உரிந்துவிடும். லுங்கி கட்டியிருந்தால் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள், புடவை முந்தானையும் துப்பட்டாவும் அப்படியே, செயின் பக்கம் தொங்கவே கூடாது. இரண்டு பிரேக்கையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்த பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும்.

அமரபுராவின் தௌந்தமான் ஏரியில் எல்லோரும் செய்யும் தவறு, ஊ பெய்ன் பாலத்தில் சைக்கிள் ஓட்ட நினைப்பது. 1850 வாக்கில் கட்டிய, 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள தேக்குப் பாலம் அது, பெரும்பகுதியில் கைப்பிடியே இல்லை. பலகைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது, சாயங்காலக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். உள்ளூர்க்காரர்கள் தள்ளிக்கொண்டு போவார்கள் என்பது வேறு விஷயம், நீங்கள் கரையில் பூட்டிவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்து நடந்துபோங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறிக் கரைப்பாதை முழுகிவிடும், கோடையில் வற்றி ஏரிக்குள்ளேயே பயிர் வைத்திருப்பார்கள். போன வருஷம் ஓட்டிய பாதை இந்த மாதம் இருக்காது, டீக்கடையில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவோம் என்பீர்கள், சரி. ஆனால் வாடகைச் சைக்கிளில் லைட் இருக்காது, மின்வெட்டு என்றால் தெருவும் இருட்டு. அதனால் மூன்று சக்கர வண்டிக்காரரிடம் போகும்போதே திரும்பும் நேரத்தையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள், பாதிக் கூலியை வீடு வந்து சேர்ந்த பிறகு கொடுங்கள்.