ஐஆர்எஸ் பாக்கியைக் குறைத்துக் கட்டுவது எப்படி

வரிப் பாக்கியைச் சொற்பத் தொகைக்கு முடித்துத் தருவதாக அமெரிக்காவில் விளம்பரங்களுக்குப் பஞ்சமே இல்லை. அவர்களிடம் ஆயிரக்கணக்கில் கட்டணத்தைக் கொட்டுவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பாக்கியைக் குறைந்த தொகைக்கு முடித்துக்கொள்ளும் ஆஃபர் இன் காம்ப்ரமைஸ் என்ற இந்த வழியில் பேரத்தைவிடக் கணக்குதான் அதிகம். உங்களிடமிருந்து எவ்வளவு வசூலிக்க முடியும் என்று ஐஆர்எஸ், அதாவது அமெரிக்க மத்திய அரசின் வரித்துறை, ஒரு தொகை போடும். நீங்கள் சொல்வது அதற்குக் குறைவாக இருந்தால், கடும் நோய், முதுமை போன்ற தனிக் காரணம் இல்லாதவரை, எவ்வளவு உருக்கமாகக் கடிதம் எழுதினாலும் பெரும்பாலும் எடுபடாது.

தகுதியை முதலில் பாருங்கள். ஃபைல் செய்ய வேண்டிய ரிட்டர்ன் எல்லாம் ஃபைல் ஆகியிருக்க வேண்டும், சுயதொழில் என்றால் நடப்பு வருட எஸ்டிமேட்டட் டாக்ஸும் (வருமானத்தை உத்தேசித்து முன்கூட்டியே கட்டும் வரி) கட்டியிருக்க வேண்டும், திவால் வழக்கு நடந்துகொண்டிருக்கக் கூடாது. ஐஆர்எஸ் தளத்திலேயே ப்ரீ-குவாலிஃபையர் என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது, அதில் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் உங்கள் சொத்து, வருமானம், செலவு எல்லாம் காட்டும் ஃபார்ம் 433-ஏ (ஓஐசி). உழைப்பெல்லாம் இதற்குத்தான். ஒருவருக்கு 48,000 டாலர் பாக்கி என்று வையுங்கள். வங்கியில் 4,200 இருக்கிறது, அதில் 1,000 விலக்கு, மீதி 3,200. கார் 9,000 போகும், அதில் 80 சதவீதத்தைத்தான் எடுப்பார்கள், அதாவது 7,200. லோன் 5,000 போனால் 2,200, அதையும் காருக்கான 3,450 டாலர் விலக்கு விழுங்கிவிடும். மாதச் சம்பளம் 5,200, அனுமதிக்கப்பட்ட செலவு 4,950, மிச்சம் 250. மொத்தமாகக் கட்டுவதென்றால் இந்த 250ஐ 12ஆல் பெருக்குவார்கள், தவணை என்றால் 24ஆல். அதோடு வங்கியின் 3,200ஐச் சேர்த்தால், ஆக 6,200 அல்லது 9,200. பாதிக்குப் பாதி கேட்டுப் பார்ப்போம் என்று 24,000 எழுதியிருந்தால் யாருக்கு நஷ்டம்?

அனுமதிக்கப்பட்ட செலவு என்பது நீங்கள் உண்மையில் செய்யும் செலவு இல்லை. சாப்பாடு, வீடு, கார் எல்லாவற்றுக்கும் ஐஆர்எஸ் வரம்பு வைத்திருக்கிறது; கிரெடிட் கார்டு தவணை, பிள்ளைகளின் தனியார் பள்ளிக் கட்டணம் போன்றவற்றைப் பொதுவாக ஏற்பதில்லை. இந்தியாவில் உங்கள் பெயரில் கிடக்கும் மனையும் என்ஆர்ஐ கணக்கும் சொத்துதான், மறைக்காதீர்கள், கையெழுத்துப் போடுவது பொய் சொன்னால் குற்றம் என்ற உறுதிமொழிக்குக் கீழே.

இதோடு எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று சொல்லும் ஃபார்ம் 656, 205 டாலர் கட்டணம். மொத்தத் தொகை வழி என்றால் சொன்ன தொகையில் 20 சதவீதத்தை இப்போதே அனுப்ப வேண்டும். மேலே சொன்னவருக்கு 1,240. மீதியை ஏற்றபின் 5 மாதத்துக்குள், அதிகபட்சம் 5 தவணையில் முடிக்க வேண்டும். தவணை வழி 6 முதல் 24 மாதம், பரிசீலனை நடக்கும்போதே மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். நிராகரித்தாலும் கட்டிய பணம் கைக்கு வராது, பாக்கியில் கழித்துக்கொள்வார்கள். குறைந்த வருமான வரம்புக்குள் வந்தால் கட்டணமும் முன்பணமும் கிடையாது.

பிறகு காத்திருப்பு, மாதக்கணக்கில் இழுக்கும். 2 வருடத்தில் முடிவு சொல்லாவிட்டால் ஏற்றதாகவே சட்டப்படி அர்த்தம். காத்திருக்கும் காலத்தில் வட்டி ஓடும், லியன் (பாக்கிக்காக உங்கள் சொத்தின் மீது அரசு கோரும் உரிமை) போடலாம், வசூலிக்க அவர்களுக்கு இருக்கும் 10 வருடக் கெடுவும் ஓடாமல் நிற்கும். கெடு முடியச் சில மாதமே இருப்பவர் விண்ணப்பித்து அதை நீட்டிக்கொள்வது வீண் வேலை.

பேச்சுவார்த்தை என்று ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் நிராகரிப்புக் கடிதம் வந்த பிறகுதான். அவர்கள் போட்ட கணக்கு அதோடு வரும், ஒவ்வொரு வரியையும் உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். காரின் மதிப்பைக் கூட்டிப் போட்டிருக்கிறார்களா, ஓவர்டைம் கிடைத்த மாதத்தை வைத்து வருமானத்தைப் போட்டார்களா? ஆதாரத்தோடு 30 நாளுக்குள் ஃபார்ம் 13711இல் அப்பீல் செய்யுங்கள்.

ஏற்றுக்கொண்டால் அடுத்த 5 வருடம் ஒழுங்காக ஃபைல் செய்து கட்ட வேண்டும், தவறினால் தள்ளுபடி செய்ததெல்லாம் திரும்ப உங்கள் தலையில் விழும். மாநில வரிப் பாக்கி இதில் சேராது, அதற்கு அந்த மாநில வரித்துறையிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.