"எங்க தாமானுக்குள்ள பஸ் வரணும்": தோட்டப் பட்டணங்களில் பஸ் தடம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் பஸ் விஷயமாகக் கூட்டம் போட்டால் முதலில் எழும் கோரிக்கை எப்போதும் ஒன்றுதான். "எங்க தாமானுக்குள்ள பஸ் வரணும்." தாமான் என்றால் வீடமைப்புப் பகுதி. அடுத்தவர் எழுந்து தன் தாமான் பெயரைச் சொல்வார். பிறகு ஒரு தோட்டம், பிறகு ஒரு கம்போங், அதாவது கிராமம். மேசையில் இருப்பவர் எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார். நானும் அப்படி ஒரு கூட்டத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கை தூக்கி, எங்கள் தாமானைச் சேர்த்துவிட்டு வந்தவன்தான். கேட்டது எவ்வளவு பெரிய தப்பு என்று காகிதத்தில் கணக்குப் போட்ட பிறகுதான் தெரிந்தது.

கணக்கு இதுதான். இங்கிருந்து ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பெரிய சாலையிலேயே போனால் பஸ்ஸுக்கு 50 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். போக 50, வர 50, இரண்டு முனையிலும் பத்துப் பத்து நிமிடம் நின்று கிளம்ப வேண்டும். ஆக ஒரு சுற்றுக்கு 120 நிமிடம். நான்கு பஸ் இருந்தால் அரை மணிக்கு ஒன்று விடலாம். இப்போது ஐந்து தாமானுக்குள் நுழைந்து திரும்புகிறது என்று சொல்லுங்கள். உள்ளே போய், வளைந்து, சந்திப்பில் லோரிக்கு வழிவிட்டு வெளியே வர ஆறு நிமிடம். ஐந்து தாமானுக்கு 30 நிமிடம். சுற்று 180 நிமிடமாகிவிட்டது. அதே நான்கு பஸ்தான், ஆனால் முக்கால் மணிக்கு ஒன்றுதான் வரும். எங்கள் தாமான் வாசலுக்குப் பஸ் வந்தது. ஆனால் ஏறியவர் ஈப்போ போய்ச் சேர 80 நிமிடம், ஏறாதவர் அடுத்த பஸ்ஸுக்கு 45 நிமிடம். இந்த நிலையில் ஒரு பதினெட்டு வயதுப் பையன் என்ன செய்வான்? மோட்டார் லைசென்ஸ் எடுப்பான். அவன் போன பிறகு பஸ்ஸில் மிஞ்சுவது பாட்டிகளும் பள்ளிப் பிள்ளைகளும்தான். "ஆள் ஏறுவதில்லை" என்று ஒரு நாள் தடத்தையே குறைப்பார்கள்.

ஆகவே பெரிய சாலையில் நேராக ஓடும் பஸ்ஸை உள்ளே இழுக்காதீர்கள். தாமான் வாயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் நல்ல நிறுத்தம் கேளுங்கள். 400 மீட்டர் வரை மக்கள் நடப்பார்கள் என்பது பஸ் திட்டம் போடுகிறவர்கள் பொதுவாக வைக்கும் அளவு. நம் ஊர் மதிய வெயிலில் அது அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். நடைபாதையும் நிழலும் இருந்தால் முடியும். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, ஒரே பக்கமாகச் சுற்றும் வட்டத் தடம். வரைபடத்தில் அழகாக இருக்கும், குறைந்த பஸ்ஸில் எல்லா இடத்தையும் தொடும். போகும்போது ஐந்து நிமிடத்தில் சந்தை வந்துவிடும். திரும்பும்போது கையில் மீனும் கீரையுமாக ஊர் முழுக்கச் சுற்றி 35 நிமிடம் கழித்து வீட்டுக்கு வருவீர்கள். ஒரு தடவை அனுபவித்தவர் மறு தடவை கிராப் டாக்ஸிதான் எடுப்பார்.

ஆள் இல்லாத லயத்துக்கு ஓடும் பஸ்

பழைய தடங்கள் ஏன் அப்படி வளைந்து போகின்றன என்று கேட்டால், அந்தக் காலத்தில் மக்கள் அங்கேதான் இருந்தார்கள். தோட்டத்துக்கு ஒரு லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), கோயில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி. சம்பள நாளில் தோட்டமே டவுனுக்குக் கிளம்பும். கித்தா (ரப்பர்) மரம் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, நம் ஆட்கள் டவுனைச் சுற்றிய மலிவு வீடுகளுக்கும் தாமான்களுக்கும் வந்துவிட்டார்கள். பல தோட்டங்களில் இன்று குலை வெட்டுபவர்கள் இந்தோனேசியா, வங்காளதேசத்து ஆட்கள். அவர்களுக்கும் பஸ் வேண்டும், ஆனால் தினம் காலை எட்டு மணிக்கு வேண்டாம். சம்பளம் வாங்கிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பணம் அனுப்ப, சாமான் வாங்க வேண்டும்.

ஆகவே பழைய கம்பெனி ஓட்டிய தடத்தின் எண்ணை மட்டும் மாற்றிப் புதுத் தடம் என்று கொடுத்தால் ஏமாறாதீர்கள். எந்த வீட்டில் இப்போது ஆள் இருக்கிறது என்று நடந்து பார்த்துவிட்டுத்தான் கோடு போட வேண்டும்.

அதற்காக உள்தோட்டத்தில் மிஞ்சியிருக்கும் நாலு குடும்பத்தைக் கைவிடச் சொல்லவில்லை. கூட்டம் ஏறும் தடம் ஒன்று, ஆள் குறைவாக இருந்தாலும் ஓட வேண்டிய தடம் ஒன்று. இரண்டையும் ஒரே பஸ்ஸில் போட்டுக் குழப்பினால் இரண்டும் கெடும். ஆறு பஸ் இருந்தால் நான்கைப் பெரிய சாலைக்கு விட்டுவிட்டு, இரண்டை உள்தோட்டங்களுக்குக் குறிப்பிட்ட நேரங்களில் ஓட்டுங்கள். அதை வெளிப்படையாக அறிவியுங்கள். "உங்களுக்கு ஒரு நாளைக்கு நாலு தடவைதான், ஆனால் நேரம் தப்பாது" என்றால் தோட்டத்து ஜனங்கள் புரிந்துகொள்வார்கள். சங்கு ஊதும் நேரத்துக்கு எழுந்து பழகியவர்கள் அவர்கள்.

திறப்பு விழாக் கணக்கு

ரிப்பன் வெட்டும்போது "ஆறு புதிய தடங்கள்" என்பது கேட்க நன்றாக இருக்கும். "இரண்டு தடம்" என்றால் யாரும் கை தட்ட மாட்டார்கள். ஒரு மணி நேரச் சுற்றுள்ள ஆறு தடத்தில் ஆளுக்கு ஒரு பஸ் விட்டால் மணிக்கு ஒன்றுதான் வரும். அதில் ஒன்று பழுதானால் அன்றைக்கு அந்தத் தடமே இல்லை. அதே ஆறு பஸ்ஸை இரண்டு தடத்தில் மூன்று மூன்றாக விட்டால் 20 நிமிடத்துக்கு ஒன்று, ஒன்று பழுதானாலும் அரை மணிக்கு ஒன்று வரும்.

கோலாலம்பூரில் 1975 முதல் 1998 வரை ஓடிய பாஸ் மினி என்ற சின்ன பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். கூட்டம், வேர்வை, ஓட்டுநர்களின் பந்தயம், எல்லாம் இருந்தது. கடைசியில் 60 காசு கட்டணம். இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசினால் பெரியவர்கள் முகத்தில் சிரிப்பு வருகிறது. ஒன்று போனால் பின்னாலேயே அடுத்தது வரும் என்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். பந்தயத்துக்கும் காரணம் உண்டு. வசூலை வைத்து வருமானம் என்றால் ஓட்டுநர் முன்னால் போகிற பஸ்ஸின் ஆட்களைப் பிடிக்கத்தான் பார்ப்பார், ஆள் இல்லாத நிறுத்தத்தையும் ஆள் இல்லாத நேரத்தையும் விட்டுவிடுவார். 2015 வாக்கில் கங்கார், சிரம்பான், ஈப்போ, கோலத் திரெங்கானு நகரங்களில் தொடங்கிய திட்டத்தில் அரசாங்கம் வசூலைப் பார்க்காமல் ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்தது இதற்காகத்தான். அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. கிலோமீட்டருக்குப் பணம் என்றால் காலி பஸ் ஓடினாலும் பணம்தான். நேரத்துக்கு வந்ததா, நிறுத்தத்தில் நின்றதா என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆளைப் பார்த்தும் நிற்காமல் போகும்.

இலவசமாக விட்டால் ஆள் ஏறும் என்பது இன்னொரு நம்பிக்கை. சிலாங்கூரில் 2015 முதல் இலவச பஸ் ஓடுகிறது, ஏழைக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பஸ் மட்டுமே ஓடும் இடத்தில் கையில் இருக்கும் காசு கொஞ்சம்தான் என்றால், கட்டணத்தை எடுப்பதா மூன்றாவது பஸ்ஸை வாங்குவதா என்று கேட்க வேண்டும். நான் மூன்றாவது பஸ் என்பேன். ஒரு வெள்ளி (ரிங்கிட்) மிச்சமாகி ஒரு மணி நேரம் நிற்பதில் என்ன லாபம்?

கடைசி பஸ்ஸை வெட்டினால் முதல் பஸ் காலியாகும்

இந்தத் தவறைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். இரவு ஒன்பதரை மணி பஸ்ஸில் ஐந்து பேர்தான் இருக்கிறார்கள் என்று அதை நிறுத்துவார்கள். செலவு மிச்சம். இரண்டு மாதத்தில் காலை ஒன்பது மணி பஸ்ஸிலும் ஐந்து பேர் குறைவார்கள். ஏன் என்று யாருக்கும் புரியாது.

அந்த ஐந்து பேரில் ஒருத்தி ஈப்போவில் துணிக்கடையில் வேலை செய்யும் பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை சாத்த ஒன்பது மணி. திரும்பி வர பஸ் இல்லையென்றால் காலையில் மட்டும் அவள் எப்படி பஸ்ஸில் போவாள்? அண்ணன் மோட்டாரில் போவாள், இல்லையென்றால் வேலையை விடுவாள். தீபாவளி மாதத்தில் கடைகள் இன்னும் நேரம் கழித்துத்தான் சாத்துவார்கள், அப்போது கேட்கவே வேண்டாம். கடைசி பஸ்ஸில் இருக்கும் ஆளை மட்டும் எண்ணாதீர்கள். "ஆறு மணி பஸ்ஸைத் தவறவிட்டாலும் ஒன்பதரைக்கு ஒன்று இருக்கிறது" என்ற தைரியத்தில் ஆறு மணி பஸ்ஸை நம்பி வருகிறவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

நேரம் போடும்போது அலுவலக நேரத்தை மட்டும் பார்ப்பதும் இதே குடும்பத்துத் தவறுதான். இந்த ஊரில் எட்டிலிருந்து ஐந்து வேலை செய்பவர் பெரும்பாலும் கார் வைத்திருப்பவர். தொழிற்சாலை ஆட்களைத் தொழிற்சாலை பஸ்ஸே வீட்டருகில் ஏற்றிக்கொள்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு மஞ்சள் பஸ் இருக்கிறது. டவுன் பஸ்ஸுக்கு வருகிறவர்கள் வேறு: காலை ஆறரைக்கு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் சர்க்கரை நோயாளி, பகல் ஒரு மணிக்கு மேல் பள்ளி விட்டு வரும் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள், மாலையில் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்குப் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகிறவர்கள். பகலில் ஆள் இல்லை என்று பத்திலிருந்து மூன்று வரை பஸ்ஸைத் தூங்கவிட்டால், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறவர் நடுவில் மாட்டிக்கொள்வார்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். 40 நிமிடத்துக்கு ஒன்று என்று நேரம் போடாதீர்கள். 7.10, 7.50, 8.30, 9.10 என்று யார் நினைவில் வைப்பது? அரை மணிக்கு ஒன்று என்றால் எப்போதும் பத்து, நாற்பது. பாட்டிக்கும் மனப்பாடம் ஆகிவிடும்.

இறங்கி மாறும் இடம்

உள்தோட்டத்து வண்டி ஒன்று, ஈப்போ பஸ் ஒன்று என்று பிரித்தால், டவுனில் இறங்கி மாற வேண்டும். மாறுவதே பிடிக்காது என்பார்கள். மாறுவது பிரச்சினையில்லை, மாறுமிடத்தில் காத்திருப்பதுதான் பிரச்சினை. தோட்டத்து வண்டி மணி அடிக்கும்போது வந்து சேர்ந்து, ஈப்போ பஸ் பத்து நிமிடம் கழித்துக் கிளம்பினால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். ஈப்போ பஸ் ஐந்து நிமிடம் முன்னால் போயிருந்தால் அவ்வளவுதான். இரண்டு நேர அட்டவணையையும் ஒரே மேசையில் வைத்துப் போட வேண்டும். ரயில் நிலையமும் டவுனிலேயே இருக்கிறது, அதன் நேரத்தையும் பக்கத்தில் வையுங்கள்.

முனையத்தை ஊருக்கு வெளியே கொண்டு போவதில் கவனம் தேவை. கோலாலம்பூரில் 2011-இல் தெற்குப் பக்கம் போகும் பஸ்கள் நகர நடுவில் இருந்த புடுராயா முனையத்திலிருந்து பண்டார் தாசேக் செலாத்தானுக்குப் போயின. நகர மையத்துக்கு வெளியே என்றாலும் பக்கத்திலேயே ரயில்கள் இருந்ததால் மக்கள் சமாளித்துக்கொண்டார்கள். ஈப்போவில் 2012-இல் தூர பஸ்களின் முனையம் மேரு ராயாவில் உள்ள அமான்ஜெயாவுக்கு மாறியது. உள்ளூர் பஸ்களின் மேடான் கிட் நிலையம் டவுனில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒன்றில் இறங்கி மற்றொன்றுக்குப் போக இன்னொரு பஸ் ஏற வேண்டும். நம் மாதிரிச் சின்ன ஊரில் "நெரிசல் குறையும், நிலம் மலிவு" என்று யாராவது ஒரு கிலோமீட்டர் தள்ளி இடம் காட்டினால், அங்கிருந்து கிளினிக்குக்கும் சந்தைக்கும் எப்படிப் போவது என்பதை முதலில் கேளுங்கள்.

சின்ன வேன் விட்டால் செலவு குறையும் என்பதும் பாதி உண்மைதான். சம்பளம் வாங்குகிறவர் ஓட்டுநர். அவர் 12 மீட்டர் பஸ்ஸை ஓட்டினாலும் வேனை ஓட்டினாலும் ஒரே ஆள்தான். எண்ணெய் கொஞ்சம் மிச்சமாகும், குறுகலான தோட்டப் பாதையில் திரும்பலாம், அதற்கு வேன் நல்லது. கிள்ளான் பள்ளத்தாக்கில் கைப்பேசிச் செயலியில் கூப்பிட்டால் வரும் வேன்கள் ஓடுகின்றன. அதை இங்கே கொண்டு வருவதானால் தொலைபேசியில் பேசியும் கூப்பிட வழி வையுங்கள். பொத்தான் போனை வைத்திருக்கும் பாட்டிக்குத்தான் அந்த வேன் முதலில் தேவை.

நிறுத்தம்

எங்கள் தாமானுக்கு எதிரே ஒரு நிறுத்தம் இருக்கிறது. இரும்புக் கம்பம், மேலே நீலப் பலகை. கூரை இல்லை. ஈப்போ பக்கம் மட்டும்தான் கம்பம், திரும்பி வரும் பக்கம் எதுவும் இல்லை, "இங்கேதான் நிற்கும்" என்று நாங்களே ஒரு மின்கம்பத்தைக் குறித்து வைத்திருக்கிறோம். சாலைக்கும் தாமானுக்கும் நடுவில் இடுப்பளவு ஆழத்தில் கால்வாய். மழை நாளில் அதில் தண்ணீர் ஓடும் சத்தம் பயமாக இருக்கும். பஸ் தடம் போட்டவர்கள் இந்த இடத்துக்கு வந்து நின்று பார்த்திருந்தால் கம்பத்தை 20 மீட்டர் தள்ளி நட்டிருப்பார்கள், அங்கே ஏற்கெனவே சிமெண்டுப் பாலம் இருக்கிறது.

கூரை கேட்டு மனு எழுதினோம். பஸ் லைசென்ஸ் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான அபாட்டின் கையில், பெரிய சாலை கூட்டரசுச் சாலை என்பதால் பொதுப்பணி இலாகாவின் கையில், கூரையும் கால்வாயும் நகராண்மைக் கழகத்தைச் சேர்ந்தது என்று ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டினார்கள். இப்படி மனு எழுதுகிறவர்களுக்கு ஒரே யோசனை: ஒரு கடிதத்தை மூன்று இடத்துக்கும் அனுப்பி, மூன்று பெயரையும் கடிதத்தின் மேலேயே எழுதுங்கள். யாருக்கு அனுப்பினோம் என்று மற்ற இருவருக்கும் தெரிய வேண்டும்.

கூரை இன்னும் வரவில்லை. கால்வாய் மேல் ஒரு பலகை மட்டும் கிடக்கிறது. அதைப் போட்டது எதிரில் டயர் கடை வைத்திருக்கும் சீனர்.