ஹாஸ்பிஸை விட்டு வந்தாச்சு, மருந்துக் காப்பீட்டுக்கு என்ன செய்வது?

அமெரிக்காவில் ஹாஸ்பிஸில் (ஆயுளின் இறுதிக்கட்டத்தில் நோயைக் குணப்படுத்தாமல் வேதனையைத் தணிக்கும் பராமரிப்பு) சேர்ந்தவர் உடல் தேறி வெளியே வருவதும் உண்டு, சிகிச்சையைத் தொடர்கிறேன் என்று தானே விலகுவதும் உண்டு. அன்றோடு ஹாஸ்பிஸ் கொடுத்துவந்த வலிக்கான மார்ஃபினும் பதற்றத்துக்கான லோரசெபாமும் நின்றுவிடும். இனி அது மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பார்ட் டி-யின், அதாவது அதன் மருந்துக் காப்பீட்டுப் பிரிவின் பாடு.

முதலில், வெளியேறிய தேதி போட்ட கடிதத்தை வாங்கி வையுங்கள். தானாக விலகுபவர் கையெழுத்திட்டுத்தான் விலக வேண்டும், வாய்வார்த்தை செல்லாது.

அடுத்து, பழைய பார்ட் டி இருக்கிறதா என்று பாருங்கள். ஹாஸ்பிஸில் சேர்ந்ததால் அது ரத்தாகாது, பிரீமியம் கட்டியிருந்தால் போதும். இது தெரியாமல் புதிதாகச் சேர அலைய வேண்டாம்.

இருந்தும் மருந்துக்கடையில் “ஹாஸ்பிஸ்” என்று சொல்லித் திருப்பி அனுப்பலாம். வலி, வாந்தி, மலச்சிக்கல், பதற்றம் இந்த நான்குக்கான மருந்துகளில்தான் இந்தத் தொல்லை. ஹாஸ்பிஸ் தர வேண்டியவை என்பதால் காப்பீட்டு நிறுவனம் முன் அனுமதி கேட்கும். வெளியேறிய தகவலை ஹாஸ்பிஸ் 5 நாட்களுக்குள் மெடிகேருக்கு அனுப்ப வேண்டும். அது பதிவாகும்வரை கணினிக்கு நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள். கவுண்டரில் வாதாடிப் பயனில்லை. பார்ட் டி அட்டையின் பின்பக்க எண்ணை அழைத்து, கடிதத்தை ஃபேக்ஸ் செய்யுங்கள். மருந்து காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலிலேயே இல்லை என்றால் “ட்ரான்சிஷன் ஃபில்” கேளுங்கள். ஹாஸ்பிஸிலிருந்து வந்தவருக்குத் தற்காலிகமாக மருந்து தர வேண்டும் என்பது விதி.

“இனி எதற்கு” என்று பிரீமியத்தை நிறுத்தியிருந்தால்தான் சிக்கல். சேர்க்கை ஆண்டுதோறும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை, காப்பீடு தொடங்குவது ஜனவரி 1. இடையில் சேர ஒரு காரணம் வேண்டும். நர்சிங் ஹோமில் இருந்தவருக்கு, வெளியே வந்தபின் 2 மாத அவகாசம் உண்டு. மெடிகெய்டோ (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) எக்ஸ்ட்ரா ஹெல்ப்போ (மருந்துக் காப்பீட்டுச் செலவுக்கான அரசு உதவி) இருந்தால் மாதம் ஒருமுறை தனி மருந்துத் திட்டத்தில் சேரலாம். வருமானம் குறைவு என்றால் முதலில் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு அலுவலகத்தில் எக்ஸ்ட்ரா ஹெல்ப்புக்கு விண்ணப்பியுங்கள். அது கிடைத்தால், தாமதமாகச் சேர்வதற்கான அபராதமும் வராது. மற்றவர்களுக்கு, காப்பீடு இல்லாமல் தொடர்ந்து 63 நாள் கடந்தால், விடுபட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் 1% வீதம் அபராதம் பிரீமியத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

சரி, திட்டத்தைத் தேர்ந்தெடுக்க மெடிகேர் இணையதளத்தில் மருந்து, அளவு, கடை மூன்றையும் போடுங்கள். ஹாஸ்பிஸ் பட்டியலை அப்படியே போடாதீர்கள். அங்கே நிறுத்திய பிரஷர், கொலஸ்ட்ரால் மாத்திரைகளை டாக்டர் திரும்ப எழுதலாம், கேட்டுவிட்டுப் போடுங்கள். பிரீமியத்தை மட்டும் பார்க்காமல் வருட மொத்தச் செலவைப் பாருங்கள்.

குழப்பமானால் மெடிகேரின் 1-800-633-4227 எண்ணை அழைக்கலாம். “தமிழ்” என்று சொல்லி மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.